தங்கமீன் பார்க்க வந்த அம்மா

நான் முதன்முதலாக வாங்கிய தங்கமீன்கள் பதினொன்று. பத்தொன்பது நாட்களில் ஏழு செத்துப்போயின. மீதி நான்கில் ஒன்று தலைகீழாகத் தொங்க ஆரம்பித்ததும், அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, தொழிற்சாலைக்கு எடுத்துப் போனேன். எங்கள் கம்பவுண்டருக்கு மீன் வைத்தியமும் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தெரியவில்லை. மத்தியானம் கேன்டீனில் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எச்சில் தட்டு எடுக்க வந்த அம்மா பாட்டிலைத் தொடவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. போகிற போக்கில் ஒரே ஒரு பார்வை.

“இத்த ஏன் சாரு தூக்கிக்கினு அலையறீங்க? நாளிக்கி வெயில் ஏறச்சொல்ல பூடும்” என்றார்.

மறுநாள் காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு அது போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கம்பித் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதுவது என் வேலை. அந்த அம்மாவின் பெயரும் அந்த ரிஜிஸ்தரில் இருந்தது. நான்கு வருடம் தினமும் என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே அவருக்குப் பிடிக்காது. அச்சில் வந்தால் சண்டைக்கே வருவார். இருந்தால் இப்போது தொண்ணூற்று நாலு வயது. எனக்கே எண்பத்திரண்டு.

பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பத்தில் பிறந்தவர். கேன்டீனில் புதனும் சனியும் மீன் குழம்பு. மீனை ஆய்ந்து கழுவித் தருவது அவர் வேலை. சமைக்கிற மீனைப் பார்த்துப் பார்த்தே வளர்க்கிற மீனையும் கண்டுபிடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். கேட்டும் பார்த்தேன்.

“செத்த மீனு பொய் சொல்லும் சாரு. செவுள்ல ரத்தம் தடவி வெப்பான், ஐஸ்ல போட்டு வெறப்பா வெப்பான். உசுரோட கீறது பொய் சொல்லாது. விக்கிறவன் தான் சொல்லுவான்.”

வீட்டில் மீன் வளர்ப்பது அந்த வட்டாரத்தில் அப்போது புதுப் பழக்கம். ஆபீசர்கள், டாக்டர்கள், ஓட்டல்காரர்கள் கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். பொன்னேரி, சோழவரம், செங்குன்றம் பக்கங்களில் சிலர் சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீனும் கப்பி என்கிற குட்டி மீனும் வளர்த்து விற்றார்கள். பாட்டில் விஷயம் பரவியபின், மீன் வாங்கப் போகிற எல்லாரும் அந்த அம்மாவைக் கூடவே அழைத்துப்போக ஆரம்பித்தார்கள். நான் மட்டும் பதினாலு தடவை அழைத்துப்போயிருக்கிறேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. “சட்டியில வெக்க லாயக்கில்லாத மீனுக்கு இன்னா சீராட்டு!” என்று சிரிப்பார். ஆனால் வந்துவிடுவார். கூலி வாங்க மாட்டார். நிபந்தனைகள் மட்டும் உண்டு. காலையில் இரை போடுவதற்கு முன் போக வேண்டும். விற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது.

முதலில் தொட்டிக்கு எதிரே வெயில் முதுகில் படும்படி நிற்பார். தன் நிழலைத் தண்ணீரில் விழவைத்துச் சட்டென்று நகர்வார். மீன்கள் சிதறி ஓடும். அவர் அசையாமல் காத்திருப்பார். ஓடாத மீனையும் பார்ப்பார், ஓடிவிட்டுத் திரும்பி வராத மீனையும் பார்ப்பார். பிறகு உட்கார்ந்துகொண்டு மீனின் பின்பக்கத்தையே பார்ப்பார். போட்ட இரையின் நிறத்தில் கெட்டியாகக் கழிந்தால் சரி. வெள்ளை நூல்போலத் தொங்கினால் எழுந்துவிடுவார். ஒரு டாக்டரின் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அங்கே எதுக்கும்மா பாக்கறீங்க? எவ்ளோ அழகா மூஞ்சி இருக்கு” என்றார். “மூஞ்சிக்கு இன்னாம்மா, எல்லாரும் தான் பவுடர் போட்டுக்கறாங்க” என்று பதில் வந்தது. கடைசியில் ஒரே சொல். “எடு.” அல்லது “வாணாம்.”

எனக்கு அந்த ஒரு சொல் போதாது. காரணம் வேண்டும், எண் வேண்டும். ஒரு புத்தகத்தில் படித்து, மீன் நிமிடத்துக்கு எத்தனை முறை செவுளை அசைக்கிறது என்று கடிகாரம் வைத்து எண்ணக் கற்றிருந்தேன். செங்குன்றத்தில் ஒரு தொட்டியின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறு மீன்களை எண்ணினேன். எண்பத்திரண்டு, எண்பத்தாறு, எண்பத்துநாலு என்று சீராக வந்தது. நோட்டில் எழுதிப் பெருமையாக அவரிடம் காட்டினேன்.

“எந்தப் பக்கம் எண்ணினீங்க?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மீனுக்கு ரெண்டு பக்கம் செவுளு. நீங்க இந்தப் பக்கம் குந்திக்கினு இந்தப் பக்கத்தையே எண்ணிக்கினு கீறீங்க. தோ, அது திரும்பச்சொல்ல பாருங்க.”

மீன் திரும்பியது. மறுபக்கத்துச் செவுள் மூடி ஒட்டிக்கிடந்தது. அசையவே இல்லை. ஆறு மீன்களில் நாலு அப்படி ஒரு பக்கத்தால் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. செவுளில் பூச்சி. அவர் வந்து நின்று அப்போது மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிற்பாடு நான் அவர் சொன்னதையெல்லாம் கணக்கு வைத்தேன். ஐம்பத்தெட்டுத் தீர்ப்புகள். ஒன்றும் தவறவில்லை. ஐம்பத்தொன்பதாவதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் மேனேஜர் ஆபீஸ் முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்தார். நாற்பது தங்கமீன் வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எங்களிடம் ஃபிட்டராக இருந்த ஒருவர் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம், ரயில் பாதைக்குக் கிழக்கே, மீன் பண்ணை வைத்திருந்தார். பிரஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போய், அதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகையில் மனைவியின் ஊரில் எட்டுத் தொட்டிகள் கட்டியிருந்தார். பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து எடுத்துப் போவார். நம் ஆளிடமே வாங்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு காலை பாசஞ்சரில் போனேன்.

எட்டுத் தொட்டிகளையும் முப்பத்தைந்து நிமிடம் பார்த்தார். நிழல் பட்டு ஓடிய மீன்கள் அத்தனையும் திரும்பி வந்தன. வால்கள் விசிறிபோல விரிந்திருந்தன. செவுள்கள் இரண்டு பக்கமும் அடித்தன. இந்த முறை நானும் இரண்டு பக்கமும் எண்ணினேன். கழிவு கெட்டியாக, இரையாகப் போட்ட புழுவின் செந்நிறத்தில் இருந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஃபிட்டருக்குத் தைரியம் வந்துவிட்டது.

“எப்டிக்கா கீது நம்ம மீனு?”

அந்த அம்மா ஆட்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். மற்றதெல்லாம் தேறினால் அவர் கடைசியாக வைக்கும் பரீட்சை இது. தலையைத் திருப்பித் துப்பினார். சிரிப்பு போய்விட்டது.

“உப்பு போட்டுக்கீறியே நைனா.”

மீனுக்குச் சீக்கு வந்தால் சில பண்ணைக்காரர்கள் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிடுவார்கள். புள்ளி மறையும், மீன் தெளிந்து நீந்தும். அப்படியே விற்றுவிடுவார்கள். வாங்கியவர் வீட்டு நல்ல தண்ணீரில் பத்து நாளில் சீக்கு திரும்பும். என் ஏழு மீன்கள் அப்படிச் செத்தவைதான்.

“நானா? ஒரு கல்லு உப்பு போட்டதில்லக்கா! என் பொஞ்சாதி மேல சத்தியமா!”

வாசலில் நின்ற மனைவிக்குக் கோபம். “என் மேல இன்னாத்துக்கு சத்தியம் பண்ற? தொட்டி கயுவறது நானு. எனக்குத் தெரியாம ஊட்ல உப்பு ஏதுக்கா?”

“ஏரி உப்புல பொறந்த நாக்கும்மா இது. கடல் முகத்துவாரம் தொறந்துக்கிச்சா அடைச்சிக்கிச்சான்னு தண்ணிய வாயில வெச்சி சொல்லுவோம், அதுக்கு ஏத்தா மாதிரி வலை எடுத்துக்கினு போவாங்க எங்க ஆளுங்க. என்கிட்ட உப்பு இல்லன்றியே.” என் பக்கம் திரும்பினார். “வாணாம் சாரு.”

அவ்வளவுதான். நடந்துவிட்டார்.

அடுத்த ஒரு வாரத்தில் இதை நான் ஒன்பது பேரிடம் சொன்னேன். மேனேஜர், டாக்டர், டாக்டரின் மனைவி, ஓட்டல்காரர், பட்டணத்துக் கடைக்காரருக்குத் தெரிந்த ஒரு ஸ்டோர் கீப்பர், இப்படி. ஒருவர்கூட “நிஜமா?” என்று கேட்கவில்லை. அந்த அம்மா சொல்லிவிட்டார் என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது. மூன்றாவது சனிக்கிழமை கடைக்காரர் பண்ணைக்கு வரவில்லை.

நான்காவது வாரம் ஃபிட்டர் தொழிற்சாலை கேட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

“சாரு, ஒருத்தன் கூட மீனு எடுக்க வர்ல. நீங்க எத்தினி பேருக்கு சொன்னீங்க?”

ஒன்பது என்று எனக்குத் தெரியும். “நான் யாருக்கும் சொல்லலையே” என்றேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “ரெண்டு வெரல குடுத்து கட்டின தொட்டி சாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் வருகையைக் கூட்டியதில் மூன்று இடத்தில் தப்பு.

மறுநாள் அந்த அம்மா டைம் ஆபீஸுக்கு வந்தார். நான்கு வருடத்தில் அவர் அங்கே வந்தது அந்த ஒரு தடவைதான். மீன் வாடையோடு கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சாரு, சீக்க மறைக்கத் தான உப்பு போடுவான்? அவன் மீனுக்கு சீக்கே இல்லியே. பின்னால கூட ஷோக்கா இருந்துச்சே. அப்பொ உப்பு இன்னாத்துக்கு?”

“சும்மா ஒரு ஜாக்கிரதைக்குப் போட்டிருக்கலாம்” என்றேன்.

“கலாம், கிலாம்லாம் வாணாம். ஞாயித்திக்கெயம போலாம்.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்களைக் கண்டதும் ஃபிட்டர் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் வாசலில் நின்றார். அந்த அம்மா தொட்டிப் பக்கமே போகவில்லை.

“குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடும்மா.”

வந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

“எந்தத் தண்ணி இது?”

“நம்ம கெணறு தான். இதான் குடிக்கிறோம், இதான் தொட்டிக்கும்.”

“பருப்பு வேவுதா உனுக்கு?”

அந்தப் பெண் திகைத்துப்போனார். “அத்த ஏன் கேக்கற? ரெண்டு மாசமா வேவ மாட்டேங்குது. மூணு கடை மாத்திட்டேன். கடைக்காரனுங்களோட சண்டை போட்டது தான் மிச்சம். இவரு என்னாண்ட எரிஞ்சி வுயறாரு.”

அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறைத்து ருசித்தார். வேலியைத் தாண்டிக் கிழக்கே இருந்த அடுத்த கிணற்றுக்குப் போனார். அதற்கும் கிழக்கே இன்னொன்று. பிறகு திரும்பி மேற்கே. மொத்தம் ஏழு கிணறுகள். நான் வாளி பிடித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். கிழக்கே போகப் போக உப்பு ஏறியது. மேற்கே போகப் போக இறங்கியது. ஏதோ ஒன்று அந்த மண்ணுக்கு அடியில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அது எதுவரை வந்துவிட்டது என்று அவர் நாக்காலேயே கோடு போட்டுவிட்டார்.

கடைசிக் கிணற்றின் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். “கடலு இங்கேருந்து எத்தினி தூரம் சாரு?”

“அஞ்சு மைல் இருக்கும்.”

“மேலால வந்தா சத்தம் கேக்கும். புள்ளைங்கள தூக்கிக்கினு ஓடலாம். இது கீயால வருது. தெனம் துளித்துளியா ஏறினதால குடிக்கிறவங்களுக்கே தெரியல.”

சுற்றிலும் தொழிற்சாலைகளுக்காக ஆழக்கிணறுகள் போட்டு நாள் முழுதும் இறைத்துக்கொண்டிருந்த காலம். நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் அந்த இடத்துக்கு நகர்கிறது என்று பிற்பாடு படித்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஊரில் அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மீன் வாங்கப் போய் அதைத் தெரிந்துகொண்டு வந்தார்.

ஃபிட்டர் இதற்குள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அந்த அம்மா எழுந்து அவர் முன்னால் போனார்.

“நீ உப்பு போடல நைனா. நான் சொன்னது தப்பு.”

ஃபிட்டர் தன் மனைவியைப் பார்த்தார். “கேட்டியா? நான் திருடன் இல்ல. கேட்டியா?” என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம்தான் முகம் மாறியது. “அப்போ என் கெணறு?”



திங்கட்கிழமை இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். போகிறவர்கள் ஒரு வரிசை, வருகிறவர்கள் ஒரு வரிசை. அந்த அம்மா என் ஜன்னலுக்குப் பக்கத்தில், எல்லாரும் வருகைக் கார்டு போடும் இடத்தில் வந்து நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. ஃபிட்டரு மீனுக்கு உப்பு போட்டான்னு நான் சொன்னது பொய்யி. அவன் மீனுல ஒரு சீக்கும் இல்ல.”

வரிசையிலிருந்து ஒரு குரல்: “இன்னாக்கா, நாக்கு செத்துப்பூச்சா?”

“நாக்கு சாவலடா, புத்தி தான் செத்துப்பூச்சி. உப்புன்னது நெசம். அவன் போட்டான்னது பொய்யி. அவன் கெணத்துல ஏறிக்கீது. உங்க ஊட்டுக் கெணத்தயும் போய் பாருங்கடா, சிரிக்கிறவனுங்களா.”

சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே மீஞ்சூர்ப் பக்கத்து ஆட்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

நானும் என் ஒன்பது பேரிடம் போனேன். நாலு பேர் சரியென்றார்கள். மூன்று பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர், அன்றைக்கு ஒன்று சொன்னாய் இன்றைக்கு ஒன்று சொல்கிறாய் என்று சிரித்தார்கள். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அன்னிக்கி நான் சொல்லச்சொல்ல ஒருத்தனாவது ஏன்னு கேட்டிருந்தா நானே யோசிச்சிருப்பேன். எல்லாரும் நம்பறாங்க சாரு. அதான் பேஜாரு” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதன்பின் நான்கு மாதம் கேன்டீன் பின்வாசலில் ஆட்கள் பாட்டிலோடு நின்றார்கள். அவரவர் வீட்டுத் தண்ணீர். ஒரு நாளில் பதினாறு பாட்டில்கள் எண்ணியிருக்கிறேன். மீனைப் பார்க்கும்போதிருந்த வேடிக்கை அவரிடம் இல்லை. ஒரே சொல்லில் முடிப்பதையும் விட்டுவிட்டார். “நேத்தி எப்டி இருந்துச்சி? பருப்பு வேவுதா? சோப்பு நொரைக்குதா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் வாயில் வைப்பார்.

மேனேஜரின் நாற்பது மீன்கள் ஃபிட்டரிடமிருந்தே வந்தன. உப்புத் தண்ணீருக்குப் பழகியவற்றைச் சட்டென்று நல்ல தண்ணீரில் விடக் கூடாது என்று, தினமும் இரண்டு குடம் எடுத்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிப் பதினெட்டு நாள் பழக்கினோம். ஒரு வருடம் கழித்து எண்ணினேன். முப்பத்தொன்பது. ஒன்று வெளியே குதித்துவிட்டது.

ஆனால் பண்ணை அங்கே நிற்க முடியாது. ஃபிட்டர் மேற்கே இடம் தேடினார். மூன்று இடங்களுக்கு அந்த அம்மாவும் நானும் கூடப் போனோம். மூன்றிலும் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, யோசித்து, வேண்டாம் என்றார். நாலாவது, சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம். அன்று பக்கத்துப் பழைய விமான ஓடுபாதையில் மோட்டார் ரேஸ் பழகும் நாள்; காது கிழிந்தது. “இந்தச் சத்தத்துல மீனு முட்ட வெக்குமாக்கா?” என்று ஃபிட்டர் கவலைப்பட்டார். “வெச்சிட்டு ஓடிப்பூடும்” என்றார் அந்த அம்மா. வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்.

கிணற்றில் வாளி இறைத்தாயிற்று. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இந்த தபா நான் பாக்க மாட்டேன்.” ஃபிட்டரின் மனைவியைக் காட்டினார். “தெனம் குடிக்கப்போறவ நீ. நீ சொல்லு.”

“ஐயோ, எனக்கு இன்னாக்கா தெரியும்? என் ஊட்டுத் தண்ணியே எனக்குத் தெரியலியே!”

“அது தெனம் குடிச்சது. இது இன்னிக்கித் தான் புதுசு. அவசரப்படாத. வாயில வெச்சிக்கினு நில்லு.”

அந்தப் பெண் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஃபிட்டர் மூன்று விரல் கையில் தாம்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பெண் மறுபடி ஒரு கை அள்ளினார். அதற்குமேல் இன்னொரு கை.

“ஒண்ணுமே இல்லக்கா” என்றார். “வாயில எதுவும் வெச்சா மாதிரியே இல்ல.”

ஃபிட்டர் பழக்கத்தில் அந்த அம்மா பக்கம் திரும்பினார். “நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டா...”

“அவ தான் சொல்லிட்டா இல்ல? தொட்டிக்கு அளவு எடு” என்றார் அவர்.

ஃபிட்டர் வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை மனைவியிடம் கொடுத்து, மறுமுனையைத் தரையில் இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தார்.